ஓனானை விட்டுவிடுங்கள், சாமி

செட்டிநாட்டுப் பங்குகளில் இருக்கும் ஃபாதர்களுக்கும், சபை நடத்தும் போதகர் ஐயாக்களுக்கும், தவக்காலத்தில் தியானம் கொடுக்க வெளியூரிலிருந்து வரும் பிரசங்கியார்களுக்கும்,

தோத்திரம். காரைக்குடிப் பக்கம் இருபது வருடத்துக்கு மேலாக மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவன் எழுதுகிறேன். நான் கத்தோலிக்கன், வீட்டுக்காரி சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. எங்கள் வீட்டு அலமாரியில் இரண்டு பைபிளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், இரண்டு தரப்புப் பிரசங்கமும் காதில் விழும். எழுத வந்த விஷயம் கொஞ்சம் கூச்சமானது. மருந்துக்கடைக்காரன் கூச்சம் பார்த்தால் பிழைப்பு நடக்காது என்பதால் நேராகவே சொல்லிவிடுகிறேன்: சுயஇன்பம் பாவமா என்ற பேச்சுதான்.

போன தவக்காலத்தில் ஓர் இரவு, மணி ஒன்பதரை இருக்கும். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். ஒரு பையன் வந்து நின்றான். பையன் என்றாலும் இருபத்திரண்டு வயது. ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் வேலை. நகக்கண்ணில் சிவப்புச் சாயம் போகாமல் இருந்தது. இருமல் மருந்து கேட்டான், கொடுத்தேன். சில்லறையை வாங்கிக்கொண்டும் போகவில்லை.

"அண்ணே, நரம்புத் தளர்ச்சிக்கு நல்லதா ஒண்ணு குடுங்க."

கை நடுங்குதா, மயக்கம் வருதா என்றேன். ஒன்றுமில்லை. சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு நோட்டீஸை எடுத்து வைத்தான். மாதம் ஒரு நாள் லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்க்கிற ஆளுடையது. 'இளமையில் செய்த தவறுக்கு இன்றே தீர்வு' என்ற ரகம். அந்த ஆளிடம் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு லேகியம் வாங்கித் தின்றே முடித்துவிட்டான். பட்டறைக் கூலியில் அது எத்தனை நாள் சம்பளம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

லாட்ஜுக்கு அவனை அனுப்பியது யார் என்று கேட்டுப் பார்த்தால், ஒரு தியானப் பிரசங்கம். ஒரு சொட்டு விந்து நாற்பது சொட்டு ரத்தம், மூளை வற்றிப்போகும், பிறக்கிற பிள்ளை ஊனமாகப் பிறக்கும், பைபிளில் வரும் ஓனானைக் கர்த்தர் அடித்துக் கொன்றார், இப்படி. அதைக் கேட்டதிலிருந்து மூன்று வருடமாக அவன் நன்மை, அதாவது பூசையில் கொடுக்கிற அப்பம், வாங்கவில்லை. பூசைக்கு வருவான், நன்மை கொடுக்கிற நேரத்தில் மாதா கெபிப் பக்கம் போய் நின்றுகொள்வான். அம்மா கேட்டால் வயிறு சரியில்லை என்பான்.

இது பாவமே இல்லை என்று நீங்கள் அறிவிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்க நான் யார்? உங்கள் திருச்சபை உண்மையில் சொல்வதை முழுசாகச் சொல்லுங்கள், அது சொல்லாததை அதன் பெயரில் சொல்லாதீர்கள் என்பதுதான் கோரிக்கை.

முதலில் அந்த ஓனான். ஆதியாகமம் 38-ஆம் அதிகாரத்தை ஒருதரம் உட்கார்ந்து வாசியுங்கள். யூதாவின் மூத்த மகன் ஏர் பிள்ளையில்லாமல் சாகிறான். அந்தக் கால வழக்கப்படி தம்பி ஓனான் அண்ணியைச் சேர்ந்து அண்ணன் பெயருக்கு ஒரு வாரிசு கொடுக்க வேண்டும். பிறக்கிற பிள்ளை தன் கணக்கில் வராது என்று அவனுக்குத் தெரியும். அதனால் தாமாரைச் சேர்ந்துவிட்டு, பிள்ளை மட்டும் உண்டாகாதபடி பார்த்துக்கொண்டான். இதில் சுயஇன்பம் எங்கே வருகிறது? தனியாக இருந்தவன் கதையே இல்லை அது.

செட்டிநாட்டுக்காரனுக்கு இந்த அதிகாரத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் பெரிய வீட்டுக் கதவுகளைப் பார்க்கிறோம். ஒரே வீட்டுக்கு எத்தனை பங்காளி, உள்ளே எத்தனை அறைக்கு எத்தனை பூட்டு! அண்ணனுக்கு வாரிசு வந்தால் பங்கு ஒன்று கூடும், வராவிட்டால் நமக்கு லாபம். ஓனான் போட்டது இந்தப் பங்காளிக் கணக்கு. விதவையின் உடம்பை அனுபவித்துக்கொண்டே அவளுக்குரிய உரிமையைத் தின்றான்.

இதை என் கண்ணில் காட்டியது வீட்டுக்காரிதான். "ஓனான் ஓனான்னு பேசுறாங்களே, தாமாரைப் பத்தி ஒரு பிரசங்கம் கேட்டிருக்கீங்களா?" என்றாள். யோசித்துப் பார்த்தேன், கேட்டதில்லை. இளைய மகன் சேலா வளரட்டும் என்று சொல்லி மாமனார் அவளைத் தகப்பன் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். சேலா வளர்கிறான், அவளுக்கு யாரும் சொல்லியனுப்பவில்லை. பிறந்த வீட்டில் விதவைக் கோலத்தில் காத்திருப்பது என்றால் என்ன என்று நம் பாட்டிமார்களைக் கேட்டால் சொல்வார்கள். கடைசியில் அதே யூதா, "என்னிலும் அவள் நீதியுள்ளவள்" என்கிறான். மத்தேயு எழுதின இயேசுவின் வம்ச அட்டவணையில் மூன்றாவது வசனத்திலேயே தாமார் பெயர் வந்துவிடுகிறது. இவ்வளவு பெரிய கதையை, பையன்களை மிரட்டுகிற ஒரு வரியாகச் சுருக்கி வைத்திருக்கிறோம்.

(ஓரியூர் திருவிழாவுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். மறவ இளவரசர் தடியத்தேவர் ஞானஸ்நானம் வாங்கி ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிட்டார், அனுப்பப்பட்டவர்களில் ஒருத்தி ராமநாதபுரம் மன்னர் சேதுபதிக்கு உறவு, அதன் முடிவில் 1693-இல் ஓரியூரில் அருளானந்தர் என்ற குருவின் தலை விழுந்தது. புனிதரைக் கும்பிடுகிறோம், சரி. அனுப்பப்பட்ட அந்தப் பெண்கள் அப்புறம் என்ன ஆனார்கள் என்று ஒரு பிரசங்கத்திலும் காதில் விழுந்ததில்லை.)

அப்புறம் லேவியராகமம் 15. விந்து கழிந்தவன் தண்ணீரில் குளிக்க வேண்டும், சாயங்காலம் வரை தீட்டு. அவ்வளவுதான். அடுத்த வசனத்துக்கு அடுத்ததிலேயே புருஷன் பெண்சாதி சேர்ந்தாலும் அதே குளியல், அதே சாயங்காலம் என்று வருகிறது. நாம் எழவு வீட்டுக்குப் போய்வந்து குளிப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். தீட்டு வேறு, பாவம் வேறு என்பதை நம்மூரில் சொல்லித்தரவா வேண்டும்?

மூளை வற்றுகிற சமாச்சாரம் பைபிளில் எங்குமே கிடையாது. சுவிட்சர்லாந்தில் லொசான் நகரத்து மருத்துவர் திசோ என்பவர் 1760-இல் ஒரு புத்தகம் போட்டார். ஒரு பங்கு விந்து போவது நாற்பது பங்கு ரத்தம் போவதைவிடக் கேடு என்றார். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி அதை நம்பி, 1767-இல் 'ஓனானின் பாவம்' பற்றித் தாமும் ஒரு பிரசுரம் வெளியிட்டார். வெஸ்லி வழிவந்த மெதடிஸ்டுகளும் சேர்ந்து 1947-இல் உண்டானதுதான் சி.எஸ்.ஐ. என்பதால், வீட்டுக்காரியை நான் இதைச் சொல்லிக் கேலி செய்வதுண்டு. நம்மூரிலோ உடம்பைத் தாங்கும் தாதுக்களில் விந்துதான் ஏழாவது தாது, கடைசித் தாது என்ற பழைய வைத்தியக் கணக்கு ஏற்கெனவே இருந்தது. இரண்டும் சேர்ந்துகொண்டன. இந்தப் பயத்தையே ஒரு நோயாகப் பார்த்து 1960-இல் என்.என்.விக் என்ற நம் நாட்டு மனநல மருத்துவர் 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார். இன்றைய மருத்துவத்தில் எந்த டாக்டரிடமும் கேட்டுப் பாருங்கள்: இதனால் நரம்பு தளராது, மூளை வற்றாது, பிள்ளை ஊனமாகாது. லாட்ஜ்காரர் விற்பதும் திசோ விற்றதும் ஒரே சரக்கு. அதைப் பீடத்திலிருந்து சொன்னால் லாட்ஜ்காரருக்கு நோட்டீஸ் அடிக்கிற செலவு மிச்சம்.

இனி எங்கள் பக்கத்து ஃபாதர்களிடம். பழைய ஞானோபதேசத்தில் ஆறாம் கட்டளை 'மோகபாவம் செய்யாதிருப்பாயாக' என்று மனப்பாடம் செய்தவன் நான். திருச்சபை இதை இன்றும் தன்னளவிலேயே மிகவும் ஒழுங்கு தவறிய செயல் என்கிறது. 1975 டிசம்பரில் ரோம் வெளியிட்ட அறிக்கையும் அதையே சொன்னது. காரணம் ரத்தக் கணக்கில்லை. இந்த இன்பம் கணவன் மனைவி ஒருவருக்கொருவர் தங்களைக் கொடுப்பதற்கு, உயிர் கொடுப்பதற்கு. அதைத் தனக்குள்ளேயே திருப்பிக்கொள்ளக் கூடாது என்பது. ஏற்கிறவர் ஏற்கட்டும், மறுக்கிறவர் மறுக்கட்டும், காரணம் என்று ஒன்று இருக்கிறது. ஆனால் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலின் 2352-ஆம் எண்ணில் நீங்கள் முதல் பாதியை வாசித்துவிட்டு மூடிவிடுகிறீர்கள். மனப்பக்குவம் வராமை, ஊறிப்போன பழக்கம், மனக்கலக்கம் போன்றவற்றைப் பார்த்துத்தான் ஓர் ஆளின் பொறுப்பை நிதானிக்க வேண்டும், அவை குற்றத்தை மிகவும் குறைத்துவிடக்கூடும் என்று அதே எண்ணில் கீழே இருக்கிறதே! சாவான பாவத்துக்கு, அதாவது ஆன்மாவையே சாகடிக்கிற பெரிய பாவத்துக்கு, கனமான விஷயம் மட்டும் போதாது, முழு அறிவும் முழுச் சம்மதமும் வேண்டும் என்று எங்களுக்குப் படிப்பித்ததும் நீங்கள்தான்.

போதகர் ஐயாக்களே, உங்களிடையே ஒரே பேச்சு கிடையாது என்பது உங்களுக்கே தெரியும். சிலர் சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று 1 கொரிந்தியர் 6-ஐ வைத்துப் பாவம் என்பீர்கள். அமெரிக்காவில் ஜேம்ஸ் டாப்சன் என்ற மனோதத்துவ நிபுணர் இருந்தார். குடும்ப விஷயத்தில் அவ்வளவு கறாரானவர், அவரே இது கடவுளுக்குப் பெரிய விவகாரமாக இருக்காது என்பது தம் அபிப்பிராயம் என்று எழுதினார். வேதத்தில் நேரடியாக ஒரு வசனம் இல்லாத இடத்தில், 'இது என் புரிதல்' என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

உண்மையில் பேச வேண்டிய இடம் மத்தேயு 5:28 என்பது என் எண்ணம். ஒரு பெண்ணை இச்சையோடு பார்ப்பதைப் பற்றி இயேசு சொன்னது. பையன்களின் போனில் ஓடுகிற படங்களும், அதில் வருகிற பெண்களை ஆளாகவே நினைக்காமல் பார்க்கப் பழகுவதும், ராத்திரித் தூக்கம் கெட்டு வேலை கெடுவதும் நிஜமான கேடு. அதைப் பேசுங்கள், நானே முன்வரிசையில் உட்காருகிறேன். பெண்பிள்ளைகளுக்கும் உடம்பும் மனசாட்சியும் உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பேச்சு என்றாலே அவர்களை வெளியே அனுப்பிவிடுகிறீர்கள்.

அன்று ராத்திரி அந்தப் பையனுக்கு நான் எந்த டானிக்கும் விற்கவில்லை. உனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, சந்தேகமிருந்தால் அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார், லாட்ஜ் பக்கம் போகாதே என்றேன். நோட்டீஸைக் கிழித்து என் குப்பைத் தொட்டியிலேயே போட்டான். இருமல் மருந்தை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினவன் திரும்பி, "அப்ப நான் நன்மை வாங்கலாமாண்ணே?" என்றான்.

அதற்குப் பதில் சொல்ல எனக்குப் பட்டம் இல்லை. ஃபாதரைப் போய்க் கேள், திட்டமாட்டார் என்று சொல்லிவிட்டேன். இத்தனை நாள் தயங்கினவன், இந்தச் சனிக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறான். பட்டறை ஐந்தரைக்கு முடியும். ஆத்தங்குடியிலிருந்து சைக்கிளில் வர வேண்டும், கொஞ்சம் முன்பின் ஆகலாம். கோயிலைப் பூட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் பங்கு மக்களில் ஒருவன்,
ஒரு மருந்துக்கடைக்காரன்