செக்கிங் நாளில் ஒரு பிரஷர் மெஷின்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலங்கைத் தமிழர் முகாம்களில் கட்டப்படும் புது வீடுகளைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2021 ஆகஸ்டில் அறிவித்த 317 கோடி ரூபாய், இடித்துக் கட்டவேண்டிய 7,469 வீடுகள், 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது எல்லாம் இருந்தது. வைத்தியத்துக்கு மட்டும் ஒரே வரி: முகாம்வாசிகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் உண்டு. உண்டுதான். ஆனால் அந்த ஒரு வரியோடு விஷயம் முடிந்துவிடவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர். என் துணை சுகாதார நிலையத்தின் எல்லைக்குள் ஒரு முகாம் இருந்தது. பதினான்கு வருடம் தடுப்பூசிப் பெட்டியோடு அங்கே போய் வந்திருக்கிறேன். 1990-ல் மன்னார்ப் பக்கமிருந்து படகேறி ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிவு முடிந்து, இங்கே கொண்டுவந்து விடப்பட்டவர்கள்தான் அதில் பெரும்பாலும். அப்போது கைக்குழந்தையாக வந்தவர்களின் பிள்ளைகளுக்கு நான் போலியோ சொட்டு மருந்து போட்டிருக்கிறேன்.

போன முதல் மாதமே ஒரு தப்பு செய்தேன். ஒரு பெண் வந்து, "மிஸ், அம்மாவுக்கு முட்டு. ராவெல்லாம் படுக்கேல்ல" என்றார். வயசானவர், முட்டுவலிதானே என்று தைலமும் நாலு வலி மாத்திரையும் கொடுத்தனுப்பினேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் அந்த அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிறார். அவர்கள் பேச்சில் முட்டு என்றால் இழுப்பு! இழுப்பு உள்ளவர்களில் சிலருக்கு வலி மாத்திரை மூச்சை இன்னும் இறுக்கிவிடும். நல்லவேளை, 108 சீக்கிரம் வந்தது.

அன்றைக்கே ஒரு நோட்டு போட்டேன். வருத்தம் என்றால் நோய். சத்தி என்றால் வாந்தி. தலையிடி, தலைவலி. சலம் என்றால் சிறுநீர். நம் பக்கம் சலம் என்றால் சீழ். வேற்று மொழிக்காரர் வந்தால் ஒருமுறைக்கு இருமுறை கேட்டுக்கொள்வோம். இவர்களும் தமிழ்தானே என்பதால் யாருக்கும் கேட்கத் தோன்றுவதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வரும் டாக்டர்களிடம் எல்லாம் அந்த நோட்டைக் காட்டுவேன். ஒருவர் சிரித்தார். இன்னொருவர் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன், சொன்னால் பொய். ஓ.பி. சீட்டு போடும்போது நீ எந்த நாடு என்று எங்கள் நிலையத்தில் யாரும் கேட்டதில்லை. தடுப்பூசி, பிரசவம், ஸ்கேன், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி எல்லாம் முகாம் பெண்களுக்கும் உண்டு. முகாமிலேயே படித்து வளர்ந்த பிள்ளைகள் சிலர், ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தில் பயிற்சி எடுத்துவிட்டு எனக்கு வலதுகையாக இருந்தார்கள். இத்தனைக்கும் 1951-ம் வருடத்து அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே கிடையாது. அதைப் பார்த்தால் தமிழ்நாடு செய்திருப்பது பெரிய காரியம்.

சிக்கல் ஆரம்பிப்பது பெரிய ஆஸ்பத்திரி கவுன்டரில். முகாமில் ஒரு தம்பி, பெயின்டர். மூன்றாவது மாடி உயரத்தில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. டவுனில் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். கவுன்டரில் இருந்த பையன் ரேஷன் கார்டு கேட்டான், வருமானச் சான்று கேட்டான். முகாம் அட்டையை நீட்டியதும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சிலோன்காரங்களுக்கு இதெல்லாம் கிடையாதுக்கா" என்றான். முகாம்களில் வசிப்பவர்களுக்கு வருமான வரம்பே கிடையாது என்பது திட்ட விதியிலேயே இருக்கிறது. குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம் வரை அவர்களுக்கும் பொருந்தும். அதைப் புரியவைத்து ஒப்புதல் வாங்க இரண்டு நாள் ஆனது. அதற்குள் அந்தத் தம்பியின் மனைவி ஊசி, ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே என்று கேட்டதற்கெல்லாம் கடன் வாங்கிக் கட்டியிருந்தார். தாலிக்கொடியும் அடகுக்குப் போயிருந்தது. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை, அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவனுக்கு மேலே இருப்பவர்கள் மேல்தான் கோபம்.

முகாம் அட்டை உள்ளவருக்கே இந்தப் பாடு. வெளிப்பதிவில் இருப்பவர்கள், அதாவது போலீஸ் ஸ்டேஷனில் பதிந்துவிட்டு வாடகை வீட்டில் இருப்பவர்கள், 2021 சட்டமன்ற அறிவிப்பின்படியே 34,000 பேருக்கு மேல். விதியில் 'முகாம்' என்ற சொல் இருப்பதால் அவர்கள் வெளியே நிற்கிறார்கள். சர்க்கரையில் கால் புண்ணாகி வந்த ஒரு பெரியவர், "நான் முகாமை விட்டது பிழையாப் போச்சு பிள்ளை" என்று என்னிடம் சொன்னார். மகன் கௌரவமாக வாழவேண்டும் என்று வெளியே கூட்டிப்போனானாம்.

சென்னைக்கு அருகே கேளம்பாக்கத்தில் புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் வருடக்கணக்காக இருக்கும், மியான்மரிலிருந்து வந்த ரோஹிங்கியா அகதிக் குடும்பங்களை எடுத்துக்கொண்டால் தமிழும் இல்லை, முகாம்வாசிகளுக்கு அரசு மாதாமாதம் தரும் பணக்கொடையும் இல்லை. அதைப் பற்றி அங்கே வேலை பார்த்தவர்கள் எழுதினால்தான் சரியாக இருக்கும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. 2021-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தபோது எனக்குச் சந்தோஷம். வீடு தேடிப் போய் பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுப்பது இந்த மாதிரி இடத்துக்கென்றே செய்த திட்டம் என்று நினைத்தேன். ஆனால் தன்னார்வலர் போவது பகலில். பகலில் முகாமில் ஆம்பிளை கிடையாது. பெயின்ட் வேலைக்குக் காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுவார்கள். சிலர் வாரக்கணக்கில் வெளியூரில் தங்கி வேலை செய்வார்கள். பேரேட்டில் பார்த்தால் பெண்கள் பெயராகவே இருக்கும். நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கு எதிரே "வீட்டில் இல்லை", "வீட்டில் இல்லை" என்று வரிசையாக எழுதியிருக்கும். அதில் ஒருவர் ஒருநாள் வேலையிடத்திலேயே வாய் கோணி விழுந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பிரஷர் 220. அதுவரை ஒருமுறைகூட அவர் கையில் பட்டை சுற்றியதில்லை.

ஆனால் அதே ஆண்கள் ஒருவர் விடாமல் முகாமில் இருக்கும் நாள் ஒன்று இருக்கிறது. செக்கிங் நாள். வருவாய்த் துறையினர் பேரேட்டோடு வந்து உட்கார்ந்து, குடும்பம் குடும்பமாகப் பெயர் கூப்பிட்டு ஆளைப் பார்த்து டிக் அடிக்கும் நாள். அன்றைக்கு இல்லாவிட்டால் பதிவு வெட்டிவிடுவார்களோ, பணக்கொடை நின்றுவிடுமோ என்ற பயத்தில் கோயம்புத்தூரிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் ராத்திரி பஸ் பிடித்து வந்துவிடுவார்கள். மரத்தடியில் இரண்டு மணி நேரம், சில நாள் மூன்று மணி நேரம் சும்மா நிற்பார்கள். அந்த வரிசையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை பரபரக்கும். இத்தனை தலையைத் துல்லியமாக எண்ணுகிறோம், ஒருவருக்குக்கூட பிரஷர் பார்ப்பதில்லையே என்று.

ஒருமுறை தாசில்தார் அலுவலகத்தில் வாய்மொழியாகக் கேட்டுவிட்டு மெஷினோடு போனேன். இரண்டரை மணி நேரத்தில் அறுபத்து மூன்று பேரைப் பார்த்தேன். அதில் பதினோரு பேருக்கு பிரஷர் ஏறிக் கிடந்தது. ஒன்பது பேருக்கு அது அதுவரை தெரியவே தெரியாது. அடுத்த முறை போனபோது, "இது எங்க வேலை நேரம்மா, கூட்டம் போடாதீங்க" என்று வேறோர் அதிகாரி சொல்லிவிட்டார். என்னிடம் எழுத்தில் எதுவும் இல்லை. திரும்பி வந்துவிட்டேன்.

அங்கே கூட்டம் நின்றால் ஆண்களோடு நிற்காது என்பதும் எனக்குத் தெரியும். பொதுக் கழிப்பறைக்கு இருட்டில் போகப் பயந்து சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே குடிக்காத பெண்கள் அங்கே உண்டு. சலக் கடுப்பு அவர்களுக்குத் தீராத வருத்தம். வந்து முப்பது வருடம் கழிந்தும் படகுச் சத்தம் கேட்டு எழுந்து உட்காரும் ஓர் ஆச்சி இருந்தார். தூக்க மாத்திரை வேண்டாம், "கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போ பிள்ளை" என்பார். இவர்கள் யாரும் ஆஸ்பத்திரிக்கு வந்து சொல்லமாட்டார்கள். மேஜை போட்டு உட்கார்ந்தால் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொல்வார்கள்.

ஆகவே நான் கேட்பது கோடிக்கணக்கான பணமில்லை. செக்கிங் நாள் எது என்று வருவாய்த் துறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முன்கூட்டியே சொல்லவேண்டும். அன்று ஒரு டாக்டர், ஒரு செவிலியர், பிரஷர் மெஷின், சர்க்கரை பார்க்கும் பட்டி, ஒரு மாத மாத்திரை முகாமுக்குப் போகவேண்டும். முகாம் அட்டைக்குக் காப்பீடு உண்டு, வருமானச் சான்று வேண்டாம் என்று எல்லா காப்பீட்டு ஆஸ்பத்திரி கவுன்டரிலும் தமிழில் ஒரு தாள் ஒட்டவேண்டும். வெளிப்பதிவுக்காரர்களையும் விதியில் சேர்ப்பது அரசாணை போடவேண்டிய காரியம். அது மேலே இருப்பவர்கள் கையில்.

மற்றதற்கெல்லாம் மாவட்ட ஆட்சியர் ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும். எங்கள் மாவட்டத்தில் போட்டால், மேஜை நாற்காலியைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கேட்டு வாங்கிவிடலாம், தலைமையாசிரியை எனக்குப் பழக்கம்தான். அந்தச் சொல் நோட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது, கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
விருதுநகர் மாவட்டம்.
(பெயரை வெளியிட வேண்டாம்.)