ஸ்ட்ராட்ஃபோர்டு நகர்மன்றத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மேயர் அவர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். ஏவன் நதிக்கரையில் உள்ள உங்கள் ஊரைப் பற்றி யார் பேசினாலும் வில்லியம் ஷேக்ஸ்பியரில்தான் போய் நிற்பார்கள். நான் பேச வந்தது அவருடைய அப்பா ஜானைப் பற்றி. கவிஞரைப் பெற்றவர், கையுறை தைத்தவர் என்று இரண்டு வார்த்தையில் அவரை முடித்துவிடுகிறோம். அவர் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தவர்.

1553-ல் ஆறாம் எட்வர்டு சாசனம் கொடுத்த பிறகுதான் அந்தச் சந்தை ஊர் தன்னைத் தானே ஆளத் தொடங்கியது. பதினைந்தே வருடத்தில், 1568-ல், ஜான் பெய்லிஃப் ஆனார். இன்றைய கணக்கில் மேயர். இத்தனைக்கும் 1552-ல் ஹென்லி தெருவில் குப்பைமேடு போட்டதற்காக 12 பென்ஸ் அபராதம் வாங்கியவர் அவர். அப்புறம் ஏல் மதுவின் தரம் பார்க்கும் வேலை, கான்ஸ்டபிள், பொருளாளர் என்று படிப்படியாக மேலே வந்தார். கையெழுத்து போடும் இடத்தில் கவராயம் போல ஒரு குறி கிறுக்கிய மனிதர்தான் ஊர்க் கணக்கைப் பார்த்தார். தன் முறை முடிந்த பின்பும், அடுத்து வந்தவர்களின் கணக்கையும் அவரே முடித்துக் கொடுத்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியுமா என்ற சண்டையை ஆய்வாளர்கள் போட்டுக்கொள்ளட்டும். ஊர்க் காசை அவரை நம்பி விட்டார்கள், எனக்கு அது போதும்.

அவர் பதவியில் இருந்தபோதுதான், 1569-ல், அரசியின் நாடகக் குழுவுக்கு மன்றம் 9 ஷில்லிங் கொடுத்தது. வூஸ்டர் பிரபுவின் குழுவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு ஷில்லிங். பாவம்!

சரி, நான் எழுத வந்தது இந்த ஏற்றத்துக்காக அல்ல. 1577 வாக்கில் ஜான் மன்றக் கூட்டங்களுக்கு வருவதை நிறுத்திவிட்டார். கையில் பணமில்லை, மனைவி வழி நிலத்தை 40 பவுண்டுக்கு அடகு வைத்தார். 1578-ல் படைவீரர் செலவுக்கு மற்ற ஆல்டர்மேன்கள், அதாவது மன்றத்தின் மூத்த உறுப்பினர்கள், ஆளுக்கு 6 ஷில்லிங் 8 பென்ஸ் தரவேண்டும் என்று முடிவானபோது, இவருக்கு மட்டும் பாதியாகக் குறைத்தார்கள். அதே வருடம் ஏழைகளுக்கான வாராந்திர 4 பென்ஸ் வரியில், இவர் எதுவும் கட்ட வேண்டாம் என்று பெயரைச் சொல்லியே விலக்கு அளித்தார்கள். 1586 செப்டம்பரில்தான், அழைத்தும் நெடுங்காலமாக வருவதில்லை என்று எழுதி, வேறொருவரை அந்த இடத்தில் நியமித்தார்கள். கிட்டத்தட்ட பத்து வருடம் பொறுத்திருக்கிறார்கள்!

அதைச் செய்தது உங்கள் மன்றம். நொடித்துப்போன சக உறுப்பினரை ஓர் ஊர் எப்படி நடத்தியது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி எங்கே கிடைக்கும்? அந்த 1578, 1586 பதிவுகள் இரண்டையும் ஒரே பலகையில் எழுதி, வருகிறவர்கள் நின்று படிக்கும்படி ஊருக்குள் ஓரிடத்தில் வையுங்கள். அதில் மகன் பெயர் வேண்டாம். அது ஊர் முழுக்க இருக்கிறது.

அன்புடன்,
ஒரு தமிழ் வாசகன்