சோழவரம் முதல் இருங்காட்டுக்கோட்டை வரை: கண்காட்சிக்குத் துணைநின்றோருக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

சென்னை மோட்டார் பந்தயக் களத்தின் வரலாற்றைத் தொண்டியில் இரண்டு நாள் கண்காட்சியாக வைக்கப் போகிறேன் என்றதும், கடலோரத்தில் இதை யார் பார்ப்பார்கள் என்று கேட்காமல் உதவியவர்களுக்கு இம்மடலை எழுதுகிறேன். கேட்டவர்களும் உண்டு, அவர்களும் இரண்டாம் நாள் வந்திருந்தார்கள்.

முதல் நன்றி, விசைப்படகு எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் பெரியவருக்கு உரியது. இளமையில் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைப் பட்டறையொன்றில் வேலை பார்த்தபோது, ஆண்டுதோறும் முதலாளியுடன் சோழவரம் பந்தயத்துக்குச் சென்றவர் அவர். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையான சோழவரத்தில், 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்திய செய்தியை நான் படித்துத்தான் அறிந்திருந்தேன். நெடிய நேர்ப்பாதையில் ஏற்றிய வேகத்தை முனையில் ஒரேயடியாக இறக்க வேண்டியிருந்ததால், பிரேக்கும் டயரும் எப்படித் தேய்ந்தன என்பதை அவர் கையசைவில் காட்டியபோதுதான் எனக்கு விளங்கியது. உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து தளத்துக்கு விமானம் இறங்குவதைப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு, ஓடுபாதையில் நடந்த அந்தப் பந்தயத்தை எளிதாகச் சொல்ல முடிந்தது.

கருவாடு காயவைக்கும் களத்தை ஒரு நாள் ஒழித்துத் தந்த பெண்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அவர்களுக்கு அது ஒரு நாள் வருமானம். சொந்தமில்லாத ஓடுபாதையை விட்டு, திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் கிளப் அமைத்து 1990இல் திறந்த களத்தின் சுற்று 3.717 கிலோமீட்டர். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் கணக்கில், 37 மீட்டருக்குச் சற்று கூடுதலான வலைக்கயிற்றால் மாணவர்கள் அந்த வடிவத்தைக் கருவாட்டுக் களத்து மணலில் வளைத்தார்கள். கயிறு தந்து, வளைவுதோறும் முளையடித்துக் கொடுத்தவர் வலை பின்னும் அண்ணன். இரண்டு வளைவுகள் தவறென்று என்னைத் திருத்தியவரும் அவரே.

விளக்க அட்டைகளைப் பிழைதிருத்திய ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயாவுக்கும் நன்றி. கிளப்பை நிறுவியோருள் ஒருவரான இந்து சந்தோக்கின் பேரன் கருண் சந்தோக் 2010இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டினார் என்ற அட்டையின் முன்தான் கூட்டம் நின்றது. அவருக்கு முன்பே, 2005இல், இந்தியாவிலிருந்து முதன்முதலாக அங்கே சென்ற நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர் என்பதில் நம்மூர் இளைஞர்களுக்குச் சிறு வருத்தம்! ஃபார்முலா மாருதி என்னும் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கிய கரிவர்தனுக்குத் தனி அட்டை வைக்காதது என் குறையே.

இரவல் பெற்ற ஒளிப்படங்களை உப்புக்காற்று படாமல் உறையிட்டு உரியவர்களிடம் சேர்த்துவிட்டேன். சோழவரம் நுழைவுச்சீட்டின் அரைத்துண்டு ஒன்று மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. அதைத் தந்தவர் அருள்கூர்ந்து நேரில் வந்து பெற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

நன்றியுடன்,
கண்காட்சி அமைப்பாளர்,
தொண்டி.