ரிப்போர்ட், பேன், அந்தக் கிளிப்: நம் சர்வரில் ஆடுகிறவர்களுக்கு ஒரு மடல்

அன்பு நண்பர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களாக நம் ஆன்லைன் துப்பாக்கி ஆட்டத்தின் வீடியோ கிளிப் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். நம் சர்வரின் பழைய ஆட்டக்காரர் ஒருவர் சுவர் மூலையில் திரும்பி, ஒரே குண்டில் எதிராளியைத் தலையில் சுடுகிறார். மேலே ஒரு வரி: “மாடரேட்டரோட கிளான்னா பேன் கிடையாது.” அதாவது, அவர் ஏமாற்று மென்பொருளோடு ஆடுகிறார், விதிகளைக் காக்கும் மாடரேட்டரின் கிளானில் (ஆட்டக் குழுவில்) இருப்பதால் அவருக்குப் பேன் (ஆடத் தடை) விழவில்லை என்பது குற்றச்சாட்டு.

ரிப்போர்ட் முறையை, அதாவது விதி மீறுகிறவர்மேல் புகார் செய்யும் முறையை, மாற்றுகிறோம் என்று சொல்லத்தான் எழுத உட்கார்ந்தோம். ஆனால் அந்த வரிக்குப் பதில் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

அந்த ஆட்டத்தின் பதிவு சர்வரில் இருக்கிறது. அந்தக் கிளானில் இல்லாத இருவரை உட்காரவைத்து முழுதும் பார்க்கச் சொன்னோம். கிளிப்பில் இருப்பது பார்வையாளர் திரை. நம் சர்வர் நொடிக்கு 64 தடவை ஆட்டத்தைக் கணக்கிடுகிறது; பார்வையாளர் பதிவிலோ 32 தடவைதான் ஏறுகிறது. கை சீராக நகர்த்திய குறிகூட அந்தப் பதிவில் வெட்டி வெட்டிக் குதிக்கும். குதிப்பதைப் பார்த்ததும் ‘ஏம்பாட்’ (தானே குறிவைக்கும் ஏமாற்று மென்பொருள்) என்று எழுதிவிடுகிறோம்.

செத்தவர் கேட்டது வேறு: “நான் சுவருக்குப் பின்னாடி போயிட்டேனே, எப்படிச் சுட்டான்?” நியாயமான கேள்வி. சுட்டவரின் தகவல் சர்வருக்கு வந்துசேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். சர்வர் அந்த அளவுக்குக் காலத்தைப் பின்னால் ஓட்டி, அவர் திரையில் நீங்கள் எங்கே தெரிந்தீர்களோ அங்கே வைத்துத்தான் குண்டு பட்டதா என்று பார்க்கும். இல்லாவிட்டால் பிங் (தகவல் சர்வருக்குப் போய்வரும் நேரம்) கூடுதலாக உள்ளவர்கள் ஓடுகிற ஆளைச் சுடுவது ரொம்பக் கடினம். உங்கள் திரையில் நீங்கள் மறைந்தாகிவிட்டது, அவர் திரையில் இன்னும் மறையவில்லை. இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்கிறீர்கள்.

இன்னொன்று. அந்த ஆட்டம் நெடுக அவர் ஆளில்லாத மூலைகளைக்கூட ஒழுங்காக எட்டிப் பார்த்திருக்கிறார். பின்னால் வந்தவர்களிடம் பலமுறை செத்துமிருக்கிறார். வால்ஹேக் (சுவருக்கு அப்பால் இருப்பவரைக் காட்டும் ஏமாற்று மென்பொருள்) போட்டுக்கொண்டு இவ்வளவு வீணாகச் சாகிற ஆளை நாங்கள் பார்த்ததில்லை. இதையெல்லாம் அன்றே சொல்லியிருக்கக் கூடாதா என்பீர்கள். ரிப்போர்ட் ஆனவரின் விவரத்தை அடுத்தவரிடம் சொல்வதில்லை என்பது நாம் ஆரம்பத்திலிருந்தே வைத்திருக்கும் வழக்கம். இப்போது அவரே சம்மதித்ததால்தான் எழுதுகிறோம்.

கிளிப் பரவியதும் ரிப்போர்ட்டுகள் குவிந்தன. பாதிக்கு மேல் ஒரே வாசகம்: “ஹேக்கர், தூக்குங்க.” குவியலைப் பார்த்துப் பேன் போட்டால், நாலு பேர் சேர்ந்த எந்தக் கிளானும் தனக்குப் பிடிக்காதவரை வெளியேற்றிவிடலாம். எத்தனை பேர் சொன்னார்கள் என்பது எங்கே முதலில் பார்ப்பது என்று முடிவுசெய்ய உதவும், அவ்வளவுதான். ஒரே அணியிலிருந்து ஒரே ஆட்டத்தைப் பற்றி வரும் ரிப்போர்ட்டுகளை இனி ஒரே ரிப்போர்ட்டாகவே எடுத்துக்கொள்வோம்.

சரி, மாற்றங்களுக்கு வருகிறோம். “என்ன நடந்தது?” என்ற ஒற்றைப் பெட்டி போய்விட்டது. இனி ஆட்டத்துக்குள்ளேயே பெயர்மேல் அழுத்தி, ஏமாற்று, வசைப்பேச்சு, சொந்த அணியைக் கெடுப்பது, மோசமான பெயர் என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். எந்த ஆட்டம், எந்த ரவுண்டு, அதற்கு முந்தைய சாட் வரிகள் என எல்லாம் தானாகவே ஒட்டிக்கொண்டு வரும். வாய்ஸ் சாட்டில் கடைசிச் சில நிமிடங்கள் மட்டும் சர்வரின் நினைவில் நிற்கும். யாராவது ரிப்போர்ட் அழுத்தினால்தான் சேமிக்கப்படும், இல்லையென்றால் அழிந்துவிடும்.

பார்க்கிற மாடரேட்டருக்கு ஆட்டக்காரரின் பெயரோ கிளான் குறியோ தெரியாது. இது எங்கள் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கி ஆட்டத்தில் 2013-லேயே, ரிப்போர்ட் ஆனவர் ஏமாற்றினாரா என்று தீர்ப்புச் சொல்ல, அனுபவமுள்ள ஆட்டக்காரர்களுக்குப் பெயர் மறைத்த பதிவுகளைத்தான் காட்டினார்கள். தான் ஆடிய ஆட்டத்தின் வழக்கை ஒரு மாடரேட்டர் திறக்கவே முடியாது. மேல்முறையீட்டை முதல் முடிவு சொன்னவர் பார்க்கமாட்டார்.

“எல்லாரும் ஓட்டுப் போட்டு முடிவு பண்ணலாமே” என்று சிலர் எழுதியிருந்தீர்கள். லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் என்ற ஆன்லைன் ஆட்டத்தில் 2011-ல் அப்படி ஒரு தீர்ப்பாயமே வைத்தார்கள், 2014-ல் நிறுத்திவிட்டார்கள். அங்கே கூட்டம் பெரிது, ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் அறியமாட்டார்கள். நம் கூட்டம் சின்னது. பெயரை மறைத்தாலும், ஆடுகிற விதத்தை வைத்தே “இது அவன்தான்” என்று சொல்லிவிடுகிறவர்கள் நம்மிடம் நிறையப் பேர். அதனால் ஓட்டு வேண்டாம்.

ரிப்போர்ட் செய்தவருக்கு இனி முடிவு வந்துசேரும், ‘நடவடிக்கை எடுத்தோம்’ என்றோ ‘பார்த்தோம், விதிமீறல் தெரியவில்லை’ என்றோ. இத்தனை நாள் பதிலே இல்லாமல் காத்திருந்தவர்களின் எரிச்சல் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் ஏமாற்று மென்பொருள் விஷயத்தில் பேன் உடனே விழாது. பிடித்த கையோடு வெளியேற்றினால், எதனால் மாட்டினோம் என்று மென்பொருள் விற்கிறவனுக்குத் தெரிந்துவிடும். கொஞ்ச நாள் சேர்த்து ஒரே நாளில் மொத்தமாகப் போடுவோம். அதுவரை அந்த ஆள் உங்கள் லாபியில் (ஆட்டம் தொடங்கக் காத்திருக்கும் இடத்தில்) திரிவதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இரவு நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மூத்த மாடரேட்டர் விலகிவிட்டார். கிளிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார். நாங்கள் நம்பினோமா என்று கேட்காதீர்கள். அவர் இடத்துக்குச் சம்பளத்துக்கு ஒருவரை எடுத்திருக்கிறோம். சந்தா அடுத்த மாதம் முதல் சற்றுக் கூடும், தொகை உங்கள் கணக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இத்தனை சத்தத்துக்கு நடுவிலும் ரவுண்டு எண், நிமிடக் கணக்கோடு பொறுமையாக ரிப்போர்ட் எழுதியவர்கள் இருக்கிறீர்கள். “மூணாவது ரவுண்டு, மாடிப்படிக்குக் கீழே நிக்கிறவனைச் சுவர் வழியாவே குறி வச்சு நடக்குறார்” என்று ஒருவர் எழுதிய ஒரே வரியில் உண்மையான வால்ஹேக் ஒன்று சிக்கியது. புதிதாக வருகிறவர்களை வசையிலிருந்து காப்பாற்றி, விதிகளைச் சொல்லிக்கொடுத்து, தங்கள் கிளானிலேயே சேர்த்துக்கொள்கிறவர்களும் நீங்கள்தான். மாடரேட்டரின் பாதி வேலையைச் சம்பளம் வாங்காமலே செய்கிறீர்கள். மனமார்ந்த நன்றி.

பழைய பேன்களுக்கும் மேல்முறையீடு திறந்திருக்கிறது. கணக்குப் பக்கத்தில் உள்ள படிவத்தில் எழுதுங்கள். ஆல்ட் கணக்கில், அதாவது வேறு பெயரில் திறந்த இன்னொரு கணக்கில், உள்ளே வந்து லாபியில் கேட்டால் அந்தக் கணக்கும் போகும்.

அன்புடன்,
சர்வர் நிர்வாகம்