இரவு டியூட்டி சிஸ்டருக்கும் மற்ற எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

இதயத்தில் இருந்த ஓட்டைக்கு ஆபரேஷன் முடிந்து பாப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்ததும் இட்லி கேட்டாள். இரண்டு விள்ளல் தின்றுவிட்டு மூன்றாவதைத் தம்பி வாயில் திணித்தாள். யார் எட்டிப் பார்த்தாலும் சட்டையைத் தூக்கி நெஞ்சிலிருக்கும் பிளாஸ்திரியைப் பெருமையாகக் காட்டுகிறாள். என்ன நடந்தது, எப்படி நடந்தது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் சமையல், பயிற்சி, பிள்ளைகள் என்று அப்படியே விட்டுப்போகும்.

விடியற்காலையில் ரத்தம் கொடுக்க ஓடிவந்த நம் பாக்ஸிங் பயிற்சிக்கூடத்துப் பசங்களுக்கும், அவர்களை அனுப்பிவைத்த அம்மாக்களுக்கும் நன்றி. காப்பீட்டு அட்டைக்காக ஏறி இறங்கிய எதிர்வீட்டு அண்ணனுக்கு, கேட்காமலேயே பணத்தை எடுத்து நீட்டிய மகளிர் குழு அக்காக்களுக்கு, ஜிபேயில் நூறும் இருநூறும் போட்டுவிட்டுப் பெயர்கூடச் சொல்லாதவர்களுக்கு, தினமும் தூக்குச்சட்டியில் ரசஞ்சாதம் அனுப்பிய டீக்கடை அம்மாவுக்கு, தம்பியைத் தன் பிள்ளையோடு பிள்ளையாகப் பார்த்துக்கொண்ட நாத்தனாருக்கு, டாக்டர்களுக்கு, ஆயாக்களுக்கு, எல்லோருக்கும் நன்றி. பெயர் விட்டுப்போயிருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். நேரில் வந்து நாலு திட்டு திட்டிவிட்டு டீ குடித்துவிட்டுப் போங்கள்.

மீதி மடல் ஒருவருக்குத்தான். ஐசியூவில் இரவு டியூட்டி பார்த்த சிஸ்டர். பெயர் போடாதே என்றார், போடவில்லை. மணிப்பூர்ப் பெண், சுராசாந்த்பூர் பக்கம். என் கடைசித் தங்கச்சி வயதுதான் இருக்கும். வார்டில் கேட்டுக் கேட்டுப் பழகிய தமிழ். "அக்கா, நீ சாப்பிடு", "அக்கா, நீ தூங்கு" என்று என்னை அதட்டிக்கொண்டே இருப்பார்.

ஆபரேஷன் முடிந்த அன்று ராத்திரி. பாப்பா உள்ளே, நானும் வீட்டுக்காரரும் வெளியே நாற்காலியில். அவர் எப்படியோ கண் அசந்துவிட்டார். எனக்குக் கை நடுக்கம் நிற்கவே இல்லை. எந்த ரிங்கிலும் எனக்கு அப்படி நடுங்கியதில்லை. சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்த சிஸ்டர் என் கையைப் பார்த்தார். முட்டி காய்த்துப்போன கையைப் பார்த்தால் விஷயம் தெரிந்தவர்களுக்குப் புரிந்துவிடும். "அக்கா, நீ பாக்ஸிங்கா?" என்றார். தலையாட்டினேன். ஒன்றும் சொல்லாமல் கீழே போய், மருந்துக்கடையில் தன் காசில் இரண்டு சுருள் கிரேப் பேண்டேஜ் வாங்கி வந்து, பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினார். "எனக்குக் கட்டு. எப்படின்னு பாக்கணும்."

கட்டினேன். கட்டைவிரலில் கண்ணி, மணிக்கட்டில் மூன்று சுற்று, முட்டிமேல் மூன்று சுற்று, பிறகு விரலிடுக்குகளில் ஒவ்வொன்றாக விட்டு எடுத்து, கட்டைவிரலைப் பூட்டி, மறுபடி மணிக்கட்டில் முடிக்க வேண்டும். கிரேப் பேண்டேஜ் அதற்கான துணியே இல்லை. இழுக்க இழுக்க நீளும், கொஞ்சம் அதிகம் இழுத்தால் விரல் மரத்துப்போகும். அதனால் புத்தி முழுக்க அதிலேயே நின்றது. வலது கை முடிந்து இடது கைக்கு வந்தபோது என் கை நடுங்கவில்லை. எனக்கு அது தெரியவில்லை. அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

கட்டும்போதே பேச்சுக் கொடுத்தார். அந்த ஊர்ப் பெண், பாக்ஸிங் பேச்சு. வேறு யாரைப் பற்றி இருக்கும், மேரி கோம்தான். பதக்க வரிசை எனக்கு மனப்பாடம். 2001 ஸ்க்ரான்டன் உலகப் போட்டியில் வெள்ளி. 2002 அன்டால்யாவில் 45 கிலோவில் முதல் உலகத் தங்கம். அப்புறம் 2005 பொடோல்ஸ்க், 2006 டெல்லி, 2008 நிங்போ, 2010 பிரிட்ஜ்டவுன், வரிசையாகத் தங்கம். சிஸ்டருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. அவர் சொன்னது மேரி பிறந்த காங்கதேய் கிராமத்தை. அடுத்தவர் நிலத்தில் பாடுபட்ட அப்பா அம்மா, மூத்தவளாகப் பிறந்ததால் தலையில் விழுந்த வேலைகள். 1998இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் மணிப்பூர் பாக்ஸர் டிங்கோ சிங் தங்கம் வாங்கினதும், ஓட்டமும் ஈட்டியுமாக இருந்த அந்தப் பெண்ணின் மனம் கிளவுஸ் பக்கம் திரும்பிவிட்டது. வீட்டில் சொல்லவில்லை. 2000இல் மாநிலப் போட்டியில் ஜெயித்து, பேப்பரில் படம் வந்த பிறகுதான் அப்பாவுக்கே தெரியும். முகத்தில் அடிபட்டால் யார் கட்டிக்கொள்வான் என்று அவர் கவலைப்பட்டாராம். வியாசர்பாடியில் என் அப்பாவுக்கும் அதே கவலைதான்!

என் பங்குக்கு நானும் ஒன்று சொன்னேன். மேரியின் முதல் தேசியத் தங்கம் இதே சென்னையில், 2001 பிப்ரவரியில், பெண்களுக்கான முதல் தேசியப் போட்டியில் வாங்கியது. சிஸ்டருக்கு அது புதுச்செய்தி. சந்தோஷத்தில், கட்டிய கையாலேயே என் தோளில் ஒரு குத்து விட்டார். விளையாட்டுக் குத்துதான். ஆனால் பின்னங்கால் திரும்பி, இடுப்பிலிருந்து வந்த குத்து. அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. "சிஸ்டர், உங்களுக்கு இதெல்லாம் தெரியும்தானே?" என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பள்ளிக்கூடத்தில் பாக்ஸிங் ஆடியவராம். பேண்டேஜ் கட்ட என்னைவிட நன்றாகவே தெரியும்.

அவிழ்த்துச் சுருட்டி என் பையில் வைத்துவிட்டு, கையைக் கழுவி உள்ளே போகுமுன் கடைசியாக ஒன்று சொன்னார். மேரியின் இரட்டைப் பிள்ளைகளில் ஒருவனுக்கும் இதயத்தில் ஓட்டை இருந்தது. 2011இல் அவனுக்கு ஆபரேஷன் நடந்த சமயத்தில் மேரி சீனாவில் ஆசியக் கோப்பைப் போட்டியில் இருந்தார். 48 கிலோவில் தங்கத்தோடு திரும்பினார். "அந்தப் பையன் நல்லா இருக்கான் அக்கா."

ஆறுதல் என்று எத்தனையோ பேர் எத்தனையோ சொன்னார்கள். சாமி பார்த்துக்கொள்ளும், தைரியமா இரு, எல்லாம் நல்லதுக்கே. எனக்கு ஏறியது இந்த ஒரு வாக்கியம்தான். அவரிடத்தில் நான் இருந்தால் சீனாவுக்குப் போயிருப்பேனா என்றால், போயிருக்க மாட்டேன். போனவரைக் குறை சொல்லவும் மாட்டேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அவர் கணவர் இருந்தார். அம்மா போனதைப் பேசுகிறவர்கள் அப்பா இருந்ததைப் பேசுவதில்லை. எங்கள் வீட்டிலும் அதே கதைதான். இவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்தார். அத்தனை பேரும் என்னை மட்டும்தான் பாராட்டுகிறீர்கள்.

விடியும்வரை மேரியின் வருஷங்களையே எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது உலகத் தங்கம் 2010, ஆறாவது 2018. நடுவில் எட்டு வருஷம். லண்டன் ஒலிம்பிக்கில் பெண்களுக்குக் கிடைத்ததே மூன்று எடைப்பிரிவுகள், அதில் சின்னது 51 கிலோ. 46, 48 என்று ஆடிய உடம்பைத் தூக்கிக்கொண்டு 51க்குப் போய், தன்னைவிட உயரமானவர்களோடு மோதி, அரையிறுதியில் நிக்கோலா ஆடம்ஸிடம் தோற்று வெண்கலம் வாங்கினார். 2013இல் மூன்றாவது பிள்ளை. 2014இல் இஞ்சியோனில் ஆசிய விளையாட்டுத் தங்கம். 2016 ரியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவில்லை. இனி என்ன, முடிந்தது என்றார்கள். 2018 செப்டம்பரில் போலந்தில் ஒரு போட்டியில் எடை பார்க்கச் சில மணி நேரமே இருக்கும்போது இரண்டு கிலோ கூடுதல். ஒரு மணி நேரம் விடாமல் ஸ்கிப்பிங் ஆடி, எடையை இறக்கி, தங்கமும் வாங்கினார். நவம்பரில் டெல்லி உலகப் போட்டி இறுதியில் உக்ரைனின் ஹன்னா ஒகோட்டாவை 5-0 என்று ஜெயித்துவிட்டு ரிங்கிலேயே அழுதார். அடுத்த வருஷம் ரஷ்யாவின் உலான்-உடேயில் வெண்கலம், எட்டாவது உலகப் பதக்கம். ஆணிலும் பெண்ணிலும் அதுவரை யாரும் அத்தனை வாங்கியதில்லை.

எல்லாவற்றையும் தலையில் தூக்கிவைக்கிறேன் என்று நினைக்காதீர்கள். 2019 டிசம்பரில் ஒலிம்பிக் தகுதிச் சுற்றுக்கான தேர்வுப் போட்டியில் இளைய வீராங்கனை நிகத் ஜரீனை 9-1 என்று ஜெயித்துவிட்டுக் கை கொடுக்காமல் போனாரே, அது எனக்கு இன்னமும் பிடிக்கவில்லை. அந்த நிகத் 2022லும் 2023லும் உலகத் தங்கம் வாங்கிவிட்டார். என் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, அடி வாங்கினாலும் கொடுத்தாலும் கை கொடுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

சிஸ்டர் விஷயத்தில் பிறகு தெரிந்துகொண்டது ஒன்று. மணிப்பூரில் 2023இல் தொடங்கிய கலவரத்துக்குப் பிறகு அவர் வீட்டார் பழைய வீட்டில் இல்லை. உறவினர் வீட்டில் இருக்கிறார்கள். இதைச் சொன்னது வேறொரு சிஸ்டர். இவர் வாயே திறக்கவில்லை. இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு ராத்திரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையை நீட்டியவர் அவர்.

நன்றிக்கடன் இப்படித்தான் தீர்க்கப்போகிறேன். ஞாயிறு காலைகளில், ராத்திரி ஷிப்ட் பார்க்கும் பெண்களுக்கு நம் கூடத்தில் காசு வாங்காமல் பயிற்சி. நர்ஸ், ஆயா, கம்பெனி வேலை, யாராக இருந்தாலும் வரலாம். போட்டிக்கெல்லாம் தயார்செய்ய மாட்டேன். பேடில் நாலு குத்து குத்திவிட்டு நிம்மதியாகப் போய்த் தூங்கட்டும். சிஸ்டர் ஆஃப் கிடைத்தால் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்க மாட்டோம் என்று அடம்பிடிப்பவர்களே, அந்தக் காசில் கிளவுஸ் வாங்கப்போகிறேன், பிறகு கேட்கக்கூடாது.

நம் பிள்ளைகளுக்கு வழக்கமான பயிற்சி திங்கள் மாலை தொடங்குகிறது. மௌத்கார்டு மறந்தவர்களுக்கு ஸ்பாரிங் கிடையாது. பாப்பாவைப் பார்க்க வருகிறவர்கள் கொஞ்ச நாள் பொறுத்து வாருங்கள், சளி இருமல் இருந்தால் வாசலோடு சரி. சாக்லேட் வேண்டாம், வாழைப்பழம் போதும்.

அன்புடன்,
பாப்பாவின் அம்மா