செயலாளர் ஆண்டறிக்கை: வரிச்சலுகையும் படகுச் சீட்டும்

மதிப்பிற்குரிய தலைவர், செயற்குழுவினர், தொண்டி முதல் மூக்கையூர் வரை உள்ள நம் கடலுணவு ஏற்றுமதியாளர் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த அறிக்கை பெரும்பாலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிஎஸ்பி வரிச்சலுகை, அதாவது வளரும் நாடுகளின் சரக்குக்குச் சுங்கவரியைக் குறைக்கும் திட்டம், பற்றியது. அந்தத் திட்டம் 2027 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. உறைய வைத்த இறாலுக்கு அங்கே வழக்கமான சுங்கவரி 12 சதவீதம்; இந்தியச் சரக்கு என்று காட்டினால் 4.2 சதவீதம். பத்தாயிரம் யூரோ சரக்கில் வித்தியாசம் 780 யூரோ. வரி கட்டுபவர் அங்கே சரக்கை வாங்கும் பார்ட்டிதான். ஆனால் சலுகை தவறினால் அந்தப் பணத்தை அடுத்த விலைப்பேச்சில் அவர் நம்மிடம் குறைப்பார், நாம் கரையில் மீனவரிடம் குறைப்போம்.

இந்தியச் சரக்கு என்பதற்கு இங்கிருந்து ஏற்றினால் மட்டும் போதாது. நம் நாட்டுக் கடற்பரப்புக்குள் பிடித்த மீன் இந்திய மீன். எந்த நாட்டுக் கடற்பரப்பிலும் சேராத வெளிக்கடலில் பிடித்தது என்றால், படகு இந்தியாவிலோ ஐரோப்பிய ஒன்றியத்திலோ பதிவாகி, அந்தக் கொடியுடன், குறைந்தது பாதி உடைமை அந்நாட்டவரிடம் இருக்க வேண்டும். வேறொரு நாட்டின் கடற்பரப்பில் பிடித்தது இந்தக் கணக்கில் சேராது. இலங்கைக் கடற்பரப்பை ஒட்டிய பாக் நீரிணையில் தொழில் செய்யும் படகுகளிடம் வாங்குவோர் இதை மறக்கக் கூடாது. வெளிநாட்டுக் கணவாயை இறக்கி, இங்கே கழுவி, வெட்டி, உறைய வைத்தாலும் அது இந்தியச் சரக்கு ஆகிவிடாது. பதப்படுத்திய நண்டுச் சதைக்கும் உள்ளே போகும் நண்டு முழுவதும் இங்கே பிடித்ததாகவே இருக்க வேண்டும். பண்ணை இறால் என்றால் குஞ்சு பொரித்ததும் வளர்ந்ததும் இங்கேயே இருக்க வேண்டும். குஞ்சுப் பண்ணை ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

சரக்கு தடுமாறும் இடம் இறங்குதளம்தான். ஏஜெண்டுகள் பத்துப் படகு ஓட்டுக்கணவாயை ஒரே பெட்டியில் கலந்துவிட்டால், எது எந்தப் படகினது என்று பிறகு பிரிக்க வழியில்லை. கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையமான எம்பெடா சரிபார்க்கும் மீன்பிடிச் சான்றிதழில் உள்ள படகுகளும் நம் கொள்முதல் கணக்கில் உள்ள படகுகளும் ஒத்துப்போக வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான விசைப்படகு மீன்பிடித் தடைக்காலத் தேதியில் விசைப்படகு எண் எழுதப்பட்டிருந்தால், மற்ற எல்லாத் தாளும் சந்தேகத்துக்கு உள்ளாகும். அந்த 61 நாளில் நாட்டுப்படகுச் சரக்கைத் தனியே எடைபோட்டுத் தனியே குறியுங்கள்.

காகித வேலை எளிதுதான், ஆனால் ஒரு எழுத்துக்கூடத் தவறக் கூடாது. சரக்கு எந்த நாட்டினது என்று காட்டும் பழைய ஏ படிவத்தை ஐரோப்பாவுக்கு அனுப்பிப் பயனில்லை. 6,000 யூரோவுக்கு மேற்பட்ட சரக்குக்கு ரெக்ஸ் என்ற ஏற்றுமதியாளர் பதிவு எண் கட்டாயம். அதற்குள் இருந்தால் எண் தேவையில்லை. பில்லிலேயே விதித்த வாசகத்தில் தோற்ற அறிக்கையை, அதாவது சரக்கு இந்தியாவினது என்ற உறுதிமொழியை, எழுத வேண்டும். முழுக்க இங்கே கிடைத்த சரக்குக்குக் குறி 'P' என்ற ஆங்கில எழுத்து. அறிக்கை 12 மாதம் செல்லும். அனுப்பும்போது விட்டுப்போனால் பின்னரும் எழுதலாம். இறக்குமதியான இரண்டு ஆண்டுக்குள் அங்கே காட்டியாக வேண்டும். ஆவணங்களை, அறிக்கை எழுதிய ஆண்டு முடிந்து மூன்று ஆண்டு வைத்திருங்கள். தூத்துக்குடியிலிருந்து கொழும்பு வழியாகக் கண்டெய்னர் மாறினாலும் சலுகை போகாது. ஆனால் வழியில் சீல் உடைத்துச் சரக்கில் எதையும் மாற்றியிருக்கக் கூடாது.

அமெரிக்காவைப் பற்றி இன்னும் கேட்கிறார்கள். அங்கே இந்தியாவுக்கான ஜிஎஸ்பி 2019 ஜூன் 5 அன்றே நின்றது. திட்டமே 2020 டிசம்பர் 31 உடன் காலாவதியானது. அதை நம்பி விலை சொல்ல வேண்டாம். கடற்பாசி அனுப்புவோர் முதலில் அடிப்படை வரி எவ்வளவு என்று பாருங்கள். அது பூஜ்யமாக இருந்தால் சலுகைக்கு அலைய வேண்டியதில்லை.

செயற்குழு ஒரு தீர்மானத்தை உங்கள் முன் வைக்கிறது. வரும் ஜூன் 15 முதல், இறங்குதளத்தில் எடைபோடும்போதே மூன்று பிரதியில் சீட்டு எழுத வேண்டும்: படகின் பதிவு எண், உரிமையாளர், பிடித்த பகுதி, கரை சேர்ந்த தேதி, மீன் இனம், எடை. ஒன்று படகுக்காரரிடம், ஒன்று ஏஜெண்டிடம், ஒன்று ஆலையில் அந்தச் சரக்கின் லாட் எண்ணோடு. சீட்டுப் புத்தகத்தைச் சங்கமே அச்சிட்டுத் தரும். ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்