நடவுக்கு ஆள் இல்லையா, கூலி இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டெல்டாவில் நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை, மேற்கு வங்கத்திலிருந்து ஆட்களை வரவழைக்கிறார்கள் என்று குறுவைக்குக் குறுவை செய்தி வருகிறது. கூடவே, நூறு நாள் வேலை எல்லாரையும் சோம்பேறியாக்கிவிட்டது என்ற பேச்சும் வருகிறது. மன்னார்குடிப் பக்கம் கொஞ்சம் நிலம் வைத்துப் பயிர் செய்கிறவன் நான். இந்தப் பேச்சை ஏற்க முடியவில்லை.

எங்கள் பகுதியில் மண்வெட்டியால் வரப்போரம் அண்டை வெட்டிச் சீர் செய்யும் ஆணுக்குத் தருவதில் ஏறக்குறைய பாதியைத்தான் நடவு நடும் பெண்ணுக்குத் தருகிறோம். கேட்டால் அது கடின வேலை, இது லேசான வேலை என்பார்கள். நாள் முழுக்கச் சேற்றில் குனிந்தே நிற்பதில் என்ன லேசு? பழகாத கைக்கு நடவு வராது. நாற்றை ஆழமாக ஊன்றினால் பக்கத்தில் கிளைத்துத் தூர் கட்டாது, மேலாக வைத்தால் தண்ணீர் கட்டியதும் மிதந்துவிடும். குத்துக்கு இரண்டு மூன்று நாற்று என்பதைக் கண்ணால் எண்ணாமல் விரலாலேயே பிரிக்கிறார்கள். இதெல்லாம் தேர்ச்சி இல்லாமல் வேறு என்ன? சம ஊதியச் சட்டம் வந்தது 1976இல். எங்கள் வயலுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த கூலி 336 ரூபாய், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். செய்த வேலையை அளவெடுத்துக் கூலியைக் குறைத்தாலும் அங்கே ஆண், பெண் என்று பிரித்துக் குறைப்பதில்லை. அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட போராட்டத்தில் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்துக் கொன்ற மண் இது. கூலிக் கணக்கில் அலட்சியம் காட்டும் உரிமை நமக்கு இல்லை.

வங்கத் தொழிலாளர்கள் மீது எனக்கு ஒரு குறையும் கிடையாது. குழுவாக வந்து, ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி, விடியலிலேயே இறங்கி முடித்துத் தருகிறார்கள். அழைத்து வரும் ஏஜெண்ட் அதில் எவ்வளவு பிடிக்கிறார் என்பதைத் தொழிலாளர் துறை விசாரிக்கட்டும். ஆனால் அதே ஏக்கர் கணக்கை ஊர்ப் பெண்கள் கேட்டால் மட்டும் நாள் கூலிதான் வழக்கம் என்கிறோமே, அது எந்த நியாயம்? கூலி கட்டுப்படியாகாமல்தானே நம் பிள்ளைகளும் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போனார்கள்.

சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகாது என்பதும் உண்மைதான். நெல் விலையை அரசு அதற்கேற்ப உயர்த்த வேண்டும், பெண்ணின் கூலியில் கை வைப்பது வழியாகாது. அப்புறம் ஒன்று. அறுவடை மெஷின் வந்து பெண்களின் அறுப்பு வேலையைக் கொண்டுபோயிற்று. நான் பார்த்தவரை ஓட்டுகிறவர்கள் எல்லாரும் ஆண்கள். நடவு இயந்திரமும் அந்த வழியில் போய்விடாமல், அதை ஓட்டும் பயிற்சிக்கு நடவுப் பெண்களை முதலில் அழைக்குமாறு வேளாண்மைப் பொறியியல் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சிறு விவசாயி,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.